தென்கடல் சாகசக் கதைகள்: பேரேட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்

2023-இல் ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களில் 'குண்டு', 'அசிங்கம்' போன்ற சொற்களைப் பதிப்பகத்தார் மாற்றினார்கள். அதே ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் நாவல்களும் சில இனவெறிச் சொற்கள் நீக்கப்பட்டு மறுபடி அச்சாயின. அதிலிருந்து பழைய நூல் எது மறுபதிப்பு கண்டாலும் அதே வாக்குவாதம் கிளம்பிவிடுகிறது: மூலத்தில் கை வைக்கலாமா, கூடாதா? காலனிய காலத்துக் கடல் சாகசக் கதைகளும் இதில் இழுபடுகின்றன. வெள்ளை மாலுமி, தென்னந்தோப்பு, முத்து, புயல், மனிதக் கறி தின்னும் 'காட்டுமிராண்டிகள்' என்று ஒரே சாமான்களை வைத்துத் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட கதைகள். சங்கடம் வரத்தான் செய்யும்.

ஆனால் வாதாடும் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைக் கேள்வியே கேட்காமல் ஒப்புக்கொள்கின்றன. கையில் இருப்பது எழுத்தாளர் எழுதியபடியே வந்த மூலம் என்பதுதான் அது. இந்த வகைக் கதைகளில் முக்கியமான சிலவற்றுக்கு அது பொருந்தாது. அவை வெளிவந்த காலத்திலேயே கத்தரிக்கப்பட்டவை. அன்று வெட்டுப்பட்டவை தீவு மக்களைப் பழிக்கும் சொற்கள் அல்ல. வெள்ளையர்கள் அந்தத் தீவுகளில் உண்மையில் என்ன செய்தார்கள் என்று காட்டிய பகுதிகள்தான் போயின. இது எப்படி நடந்தது என்று புரிய, முதலில் அந்தத் தீவுகளுக்குக் கப்பல்கள் ஏன் போயின என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தக் கதைகள்?

இந்த மரபின் தாத்தா டேனியல் டீஃபோவின் ராபின்சன் குரூசோ, 1719. ஆளில்லாத் தீவில் 28 ஆண்டு தனியாக வாழ்ந்தவன் என்றுதான் நமக்கெல்லாம் குரூசோவைத் தெரியும். அவன் எந்தப் பயணத்தில் கப்பல் உடைந்து அங்கே ஒதுங்கினான் என்பதைச் சிறுவர் சுருக்கங்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடும். பிரேசிலில் தோட்டம் வைத்திருந்த அவன், தோட்ட வேலைக்கு அடிமைகளைப் பிடித்துவர ஆப்பிரிக்கக் கரைக்குக் கிளம்பியவன். கதையின் முதல் திருப்பமே ஒரு சரக்குப் பயணம்தான், சரக்கு மனிதர்கள்.

19-ஆம் நூற்றாண்டில் களம் பசிபிக் கடலுக்கு மாறியது. ஆங்கில வாசகர்கள் 'தென்கடல்' என்று அழைத்த பரப்பு அது: தாஹிட்டி, சமோவா, ஃபிஜி, சாலமன் தீவுகள், மார்க்கேசாஸ். அங்கே நடக்கும் கதைகளை எழுதியவர்களை, அவர்களுக்குத் தீவு எவ்வளவு தெரியும் என்பதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு கோடியில் ஆர். எம். பாலன்டைன். ஸ்காட்லாந்துக்காரர். இளமையில் கனடாவில் தோல் வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்தவர், பசிபிக் பக்கமே போகாதவர். 1857-இல் அவர் எழுதிய பவளத் தீவு மூன்று ஆங்கிலச் சிறுவர்களின் கதை. அதில் தேங்காய் மரத்திலிருந்தே மட்டையும் நாரும் இல்லாமல், இங்கிலாந்துக் கடையில் விற்கும் உருவத்தில் கிடைக்கிறது! தவறைப் பிறர் சுட்டிக்காட்டியபிறகு அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு எழுதப்போகும் இடத்தை நேரில் பார்த்துவிட்டு எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டார். ஆனால் இந்தப் புத்தகத்திலிருந்துதான் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் 'வெப்பமண்டலத் தீவு' என்ற படத்தை மனத்தில் வரைந்துகொண்டார்கள்.

மறுகோடியில் லூயி பெக், ஆஸ்திரேலியர். அவர் தீவுகளில் கடை வைத்து வியாபாரம் செய்தவர். புல்லி ஹேஸ் என்ற பேர்போன கப்பல் மோசடிக்காரனோடு பயணம் செய்து, 1874-இல் கோஸ்ரே தீவில் அவன் கப்பல் உடைந்தபோது உடனிருந்தவர். பிறகு கடற்கொள்ளை வழக்கில் மாட்டி விடுதலையானவர். 1894-இல் அவருடைய முதல் தொகுப்பு வந்தது. கதைகள் குட்டையானவை, கறாரானவை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் வியாபாரி அல்ல. ஆனால் 1889 டிசம்பரில் சமோவாவுக்கு வந்து, அங்கேயே வீடு கட்டிக்கொண்டு, 1894-இல் அங்கேயே இறந்தவர். அவருடைய கதைதான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி.

கொப்பரையும் கடனும்

பசிபிக்கில் வெள்ளையர் வியாபாரம் முதலில் சந்தனக்கட்டை, கடல் அட்டை, ஆமை ஓடு என்று சீனச் சந்தையை நம்பி நடந்தது. திமிங்கில வேட்டைக் கப்பல்களும் தண்ணீருக்கும் காய்கறிக்கும் கரை ஒதுங்கின. கேப்டனின் அடி தாங்காமல் கப்பலை விட்டு ஓடி, தீவிலேயே தங்கிவிட்ட மாலுமிகளுக்குத் தனிப்பெயரே உண்டு, 'பீச்கோம்பர்'. இவர்கள்தான் கதைகளில் குடித்துவிட்டுக் கடற்கரையில் கிடக்கும் வெள்ளையர்கள்.

நூற்றாண்டின் பிற்பாதியில் எல்லாவற்றையும் கொப்பரை முந்தியது. ஐரோப்பாவில் சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் எண்ணெய் தேவைப்பட்டது. அதற்கு முன் தீவிலேயே தேங்காயைத் துருவி, பழைய படகுகளில் வெயிலில் போட்டு எண்ணெய் பிரித்துப் பீப்பாயில் ஏற்றினார்கள். எண்ணெய் நாறும், பீப்பாய் ஒழுகும். 1860-களின் இறுதிவாக்கில், ஹாம்பர்க் நகரத்து கோடெஃப்ராய் நிறுவனம் காய்ந்த கொப்பரையாகவே ஐரோப்பாவுக்கு அனுப்பத் தொடங்கியது. சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் 1857-இலேயே கடை போட்ட நிறுவனம் அது. ஒரு டன் கொப்பரைக்குக் கிட்டத்தட்ட ஆறாயிரம் காய் வேண்டும். அதை உடைத்து, கீறி, காயவைத்து, மூட்டை கட்டித் தூக்கிவரும் உழைப்பு முழுக்கத் தீவு மக்களுடையது.

இந்த வியாபாரம் நடந்த விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கதைகளின் முடிச்சு தானாக அவிழும்.

1. கம்பெனி ஒரு வெள்ளையனைத் தீவில் இறக்கிவிடும். ஒரு மரவீடு, ஒரு தராசு, துணி, புகையிலை, கத்தி, டின்னில் அடைத்த இறைச்சி, விளக்கு எண்ணெய். எல்லாம் அவன் கணக்கில் பற்று.

2. சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கூனர் என்ற சிறிய பாய்மரக் கப்பல் வரும். அதற்குள் அவன் போதுமான கொப்பரை சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காவிட்டால் கடன் ஏறும்.

3. அவன் ஊராருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுப்பான். அடுத்த காய்ப்புக்குள் கொப்பரையாகத் திருப்ப வேண்டும். ஆக ஊர் அவனுக்குக் கடன், அவன் கம்பெனிக்குக் கடன்.

4. ஒரே தீவில் இரண்டு கடை வந்துவிட்டால் கொப்பரைக்கு அதிக விலை கொடுக்க வேண்டும். அதனால் போட்டியாளனை விரட்டுவது ஒவ்வொரு வியாபாரிக்கும் உயிர்ப் பிரச்சினை.

நான்காவதுதான் சாகசத்தின் ஊற்று. கதைகளில் வரும் சதி, பேய், விஷம், துப்பாக்கிச் சூடு ஆகியவற்றைக் கொஞ்சம் கீறிப் பார்த்தால் அடியில் ஏகபோகம் இருக்கும். ஜோசப் கான்ராடின் ஆரம்ப நாவல்களிலும் இதே கதைதான், களம் மட்டும் போர்னியோ. லிங்கார்ட் என்ற கேப்டனுக்கு மட்டும் ஓர் ஆற்றுக்குள் கப்பல் ஓட்டும் வழி தெரியும், அதனால் அந்த ஆற்று வியாபாரம் அவன் கையில். அவன் கைதூக்கிவிட்ட ஒருவனே அந்த வழியை அரபு வியாபாரிக்குக் காட்டிக்கொடுக்கிறான். துரோகம், காதல், காடு எல்லாம் அதைச் சுற்றிப் படர்ந்தவை.

ஃபலேசாவின் கரை

ஸ்டீவன்சனின் 'ஃபலேசாவின் கரை' 1892-இல் ஒரு லண்டன் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. இதுதான் யதார்த்தமான முதல் தென்கடல் கதை என்று அவரே ஒரு நண்பருக்கு எழுதினார். தற்பெருமைதான், ஆனால் நியாயமான தற்பெருமை.

வில்ட்ஷையர் என்ற கொப்பரை வியாபாரி ஃபலேசா என்ற கற்பனைத் தீவுக்கு வருகிறான். கதையைச் சொல்பவனும் அவனே. அங்கே ஏற்கெனவே கேஸ் என்ற வியாபாரி இருக்கிறான். கேஸ் சிரித்துப் பேசி வரவேற்று, அன்றே உமா என்ற பெண்ணை இவனுக்குக் 'கட்டிவைக்கிறான்'. பாதிரியார் வேடம் போட்ட ஒருவன் கையில் பைபிள் என்று பிடித்திருப்பது ஒரு நாவலின் உதிரிப் பாகம். கல்யாணப் பத்திரத்தை எழுதுவது கேஸ். எதில் எழுதுகிறான்? கடைப் பேரேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதில். இந்தப் பெண் வில்ட்ஷையருக்கு ஓர் இரவுக்குச் 'சட்டவிரோதமாக' மணம் செய்விக்கப்படுகிறாள், மறுநாள் காலையில் அவளை நரகத்துக்கு அனுப்ப அவனுக்கு உரிமை உண்டு என்பது அதன் வாசகம். படிக்கத் தெரியாத உமா அதைத் தங்கம்போல ஒளித்துவைக்கிறாள். அதைப் பார்த்து வில்ட்ஷையருக்கே கூசுகிறது.

அடுத்த நாளிலிருந்து ஒருவரும் கடைப்பக்கம் வருவதில்லை. உமாவை ஊர் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிறது. அவளைக் கட்டியவனுக்கும் அந்த ஊர்விலக்கு தொற்றிக்கொள்கிறது. கேஸ் இது தெரிந்துதான் அவளைக் கட்டிவைத்தான். கல்யாணம் ஒரு வியாபார உத்தி, அவ்வளவுதான். காட்டுக்குள் பேய் இருப்பதாகவும் ஊரை நம்பவைத்திருக்கிறான். மரத்தில் தொங்கவிட்ட பெட்டிகளில் கட்டிய தந்திகள் காற்றில் பாடும், ஒளிரும் சாயம் பூசிய முகங்கள் இருட்டில் மின்னும். வில்ட்ஷையர் கொப்பரை கிடைக்காமல், மனைவியோடும் மாமியாரோடும் உட்கார்ந்து தானே தேங்காய் உடைத்துக் காயப்போடுகிறான். வெள்ளைக்கார வியாபாரி தன் கையால் கொப்பரை போடும் காட்சி அபூர்வம்.

இதையெல்லாம் சொல்கிற வில்ட்ஷையர் நல்லவனா? பிறகு அவன் உண்மையான மிஷனரியைக் கூப்பிட்டு உமாவை முறையாக மணந்துகொள்கிறான், கேஸைச் சண்டையில் கொல்கிறான். ஆனால் முடிவில் மிஷனரி அவனிடம் ஒரு சத்தியம் வாங்கிவிடுகிறார்: ஊர்க்காரர்களிடம் நேர்மையாக வியாபாரம் செய்ய வேண்டும். அது அவனுக்குப் பெரிய தொந்தரவு. எங்கள் எல்லோர் தராசும் கொஞ்சம் கோணல்தான், ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும், அவர்களும் அதற்கேற்பக் கொப்பரையில் தண்ணீர் தெளிப்பார்கள், ஆக இரண்டு பக்கமும் சரியாகிவிடும் என்கிறான். கம்பெனி அவனை வேறு தீவுக்கு மாற்றியதும், சத்தியம் இந்தத் தீவோடு முடிந்தது என்று நிம்மதி அடைகிறான். இந்தத் தராசுப் பகுதி முழுக் காலனியக் கதை மரபிலும் தனியாக நிற்கிறது. தீவு மக்கள் ஏமாளிகளாக இல்லை, எடைபோடத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். கதைசொல்லி யோக்கியன் இல்லை, அது அவனுக்கே தெரியும்.

கத்தரிக்கோல் எங்கே விழுந்தது?

பத்திரிகை ஆசிரியர்கள் அந்தக் கல்யாணப் பத்திரத்தைத் தொடரிலிருந்து முழுசாக நீக்கினார்கள். அந்த இரவுக்கு முன்னால் இருவருக்கும் ஒழுங்காகக் கல்யாணம் செய்துவைத்துவிடுங்களேன் என்று கெஞ்சலும் வந்தது, ஸ்டீவன்சன் எரிச்சலோடு அதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1893-இல் புத்தகமானபோது பத்திரம் திரும்ப வந்தது, ஆனால் 'ஓர் இரவு' என்பது 'ஒரு வாரம்' ஆகிவிட்டது, 'மறுநாள் காலை' என்பது 'விரும்பும்போது' ஆகிவிட்டது. ஒரு வாரம் என்றால் மானம் கொஞ்சம் மிஞ்சும் என்று நினைத்தார்களோ என்னவோ. கையெழுத்துப் பிரதியை ஒட்டிய பாடம் வெளிவர 1984 வரை ஆயிற்று. அதாவது 92 ஆண்டு.

இது ஒற்றை விபத்து இல்லை. அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1842-இல் திமிங்கிலக் கப்பலிலிருந்து மார்க்கேசாஸ் தீவுகளின் நுகு ஹிவாவில் இறங்கி ஓடியவர். அந்த அனுபவத்தை வைத்து 1846-இல் எழுதிய 'டைப்பீ'யில் மிஷனரிகளையும் தீவுகளைப் பிடிக்கவந்த ஐரோப்பியரையும் காய்ச்சியிருந்தார். எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டிலேயே அமெரிக்கப் பதிப்பகம் அந்தப் பகுதிகளை எடுத்துவிட்டு 'திருத்திய பதிப்பு' போட்டது. மனிதக் கறி பற்றிய திகில் அப்படியே இருந்தது. அதுதானே விற்கிற சரக்கு!

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒழுங்கு தெரிகிறது. தீவு மக்களை இழிவாகச் சொன்ன இடங்கள் எவருக்கும் உறுத்தவில்லை. வெள்ளையரின் ஒழுக்கம், மதம், வியாபாரம் ஆகியவற்றின் மேல் வெளிச்சம் விழுந்த இடங்கள் உறுத்தின. ஆகவே இன்று ஒரு பதிப்பாளர் சொற்களை மட்டும் மாற்றினால், ஏற்கெனவே ஒருமுறை துடைத்த பிரதியை இன்னொருமுறை துடைக்கிறார். 'மூலத்தைத் தொடாதே' என்பவரும் பல நேரம் துடைத்த பிரதிக்குத்தான் காவல் நிற்கிறார்.

கதைக்குள் வராத கூட்டம்

கதைகளிலேயே அதிகம் இல்லாத ஒன்றும் உண்டு, அது ஆள்பிடி வியாபாரம். 1863 முதல் 1904 வரை ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்கு மட்டும் சுமார் 62,000 தீவு மக்கள் கொண்டுபோகப்பட்டார்கள். சிலர் விரும்பி ஒப்பந்தத்தில் போனார்கள், பலர் ஏமாற்றப்பட்டார்கள், சிலர் கடத்தப்பட்டார்கள். 1871-இல் கார்ல் என்ற கப்பலின் ஆட்கள் இரும்புக் கட்டிகளைப் போட்டுத் தோணிகளைக் கவிழ்த்து, தத்தளித்தவர்களைத் தூக்கிக் கப்பலின் அடித்தளத்தில் அடைத்தார்கள். உள்ளே கலவரம் வந்தபோது சுட்டார்கள். சுமார் 70 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீவு மக்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது.

இதைக் கதையாக்கியவர்களில் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் குறிப்பிடத்தக்கவர், அவரிடம் இனப்பெருமைப் பேச்சு நிறையவே இருந்தாலும். 1908-இல் அவர் சாலமன் தீவுகளில் ஓர் ஆள்சேர்ப்புக் கப்பலிலேயே பயணம் செய்தார். அது மலைட்டா கரையில் பாறையில் ஏறிவிட்டது. அவருடைய 'மௌக்கி' ஒரு தோட்டக் கூலியின் கதை. அவன் தப்பி ஓடி அகப்படும் ஒவ்வொரு முறையும் தேடிய செலவு அவன் கணக்கில் ஏறும், ஒப்பந்த ஆண்டுகள் நீளும். கடைசியில் திருக்கைத் தோல் கையுறையால் அவன் தோலை உரித்த ஜெர்மானிய மேலாளருக்கு அதே கையுறை திரும்புகிறது.

ஃபிஜியில் இதன் தொடர்ச்சி நம் கரை வரை நீள்கிறது. 1874-இல் பிரிட்டன் ஃபிஜியை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே சிட்னியிலிருந்து திரும்பிய போர்க்கப்பலோடு தட்டம்மை வந்து சுமார் 40,000 பேரைக் கொன்றது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், ஃபிஜி மக்களைத் தோட்ட வேலையில் இறக்க ஆளுநருக்கு விருப்பமில்லை. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் போனது, தமிழர்களும் போனார்கள். ஃபிஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக பாரதி பாடியதன் பின்னணி இது. இதே தீவுக்கூட்டத்தில்தான் ஆங்கிலச் சிறுவர்களுக்கான சாகசங்களும் நடந்துகொண்டிருந்தன. அவற்றின் முன்வரிசையில் இந்தக் கூலிகளுக்கு இடமில்லை.

வாசிக்கும்போது கேட்க வேண்டியவை

தடை செய்வதும் எச்சரிக்கை முத்திரை குத்துவதும் சோம்பேறித்தனமான வழிகள். கதையிடம் சில கேள்வி கேட்டால் அதுவே நிறையக் கக்கிவிடும்.

1. கப்பலில் என்ன சரக்கு? ஸ்டீவன்சனின் இன்னொரு நாவலான 'வற்றும் அலை'யில் மூன்று நொடித்துப்போன வெள்ளையர்கள் ஷாம்பெயின் ஏற்றிய ஸ்கூனரைக் கடத்துகிறார்கள். பாட்டில்களைத் திறந்தால் பெரும்பாலானவற்றில் தண்ணீர். கப்பலை மூழ்கடித்துக் காப்பீட்டுப் பணம் வாங்க வேறு யாரோ போட்ட திட்டம் அது. பவளத் தீவிலும் ஒரு சிறுவனைக் கடத்திப்போகும் கொள்ளைக்காரக் கேப்டன், தான் சட்டப்படி நடக்கும் வியாபாரி என்றுதான் சிறுவனிடம் சாதிக்கிறான். சந்தனக்கட்டை ஏற்றவே போகிறான்.

2. கதையைச் சொல்பவன் யார், அவனுக்கு எதில் ஆதாயம்? வில்ட்ஷையரின் இழிசொற்களை ஸ்டீவன்சனின் கருத்து என்று எடுத்துக்கொண்டால் கதை கெட்டுவிடும். அதே சலுகையை எல்லா எழுத்தாளருக்கும் தாராளமாகக் கொடுக்கவும் முடியாது. பாலன்டைனின் சிறுவர்கள் பேசும் உயர்வு தாழ்வுக்குப் பின்னால் தராசு எதுவும் இல்லை, ஆசிரியர் அதை நம்பியே எழுதுகிறார்.

3. எந்தப் பதிப்பு? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகள் பெரும்பாலும் காப்புரிமை முடிந்த பழைய அச்சை ஒட்டியவை. ஃபலேசா கதையில் இதைச் சோதிப்பது சுலபம். முதல் அத்தியாயத்தில் அந்தக் கல்யாணப் பத்திரத்துக்குப் போங்கள். 'ஒரு வாரம்' என்று இருந்தால் கையில் இருப்பது 1893-இல் திருத்திய பாடம். 'ஓர் இரவு' என்று இருந்தால் கையெழுத்துப் பிரதியிலிருந்து மீட்ட பாடம்.